யானைக்காது வளைவு

தோட்டத்தின் காலைப் பெரட்டில், கணக்கெழுதும் கிராணி தனபாலன் எங்கள் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, யார் குலை வெட்டப் போவது, யார் உதிரிப்பழம் பொறுக்கப் போவது, யார் களைக்கு மருந்தடிக்கப் போவது என்று வேலை பிரித்துக்கொண்டிருந்தபோது, சுங்கை பெலிட் ஆற்றிலிருந்து வெட்டிவிடப்பட்ட யானைக்காது வளைவு, தன் தண்ணீர், சேறு, மீன், இறால், நீர்நாய்க் குடும்பம், கரையோரக் கோரை எல்லாவற்றோடும் எண்ணெய் எடுக்கும் செம்பனை வரிசைகளுக்கு நடுவே நடந்து வந்து, நாங்கள் குடியிருந்த மூன்றாம் பிரிவு லயத்து வீடுகளைச் சுற்றி மூன்று பக்கமும் படுத்துக்கொண்டது. தனபாலன் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "யாரும் வரிசைய விட்டு நகரக் கூடாது" என்றார். யாரும் நகரவில்லை. பெயர் விட்டுப்போனால் மேனேஜர் முன்னால் கைகட்டி நிற்க வேண்டியிருக்கும் என்பதால், வளைவு எங்கள் கோழிக்கூண்டுகளைச் சுற்றித் தன் உடம்பைச் சரிசெய்துகொள்வதைக் கடைக்கண்ணால் பார்த்தபடியே பெயர் கொடுத்து முடித்தோம்.

பெலிட் என்றால் மலாய் மொழியில் சுற்றிக்கொள்வது. மலைக்காட்டில் பிறந்து கடலுக்குப் போகிற அந்த ஆற்றுக்கு நேராகப் போகத் தெரியாது. ஓர் இருவாட்சி நாலு தடவை சிறகடித்துக் கடந்துவிடும் இடத்தை அது ஒரு காலைப்பொழுது முழுக்கச் சுற்றிக் கடக்கும். போகிற போக்கில் வண்டலை இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் இறக்கிவைக்கும். மழைக்காலத்தில் மலையிலிருந்து இறங்குகிற வெள்ளத்தை வளைவுக்கு வளைவு உட்காரவைத்து, ஆறவைத்து, கீழே இருக்கும் கம்பத்து ஊர்களுக்கு அனுப்பும். வளைவுகளுக்கு நாங்கள் பெயர் வைத்திருந்தோம். கோபித்துக்கொண்டு போய்த் திரும்பி வருகிற வளைவு மருமகள். முனை வளைந்தது தூண்டில். எல்லாவற்றிலும் பெரியது யானைக்காது. அந்தக் காதுக்குள் கடைசியாக மிஞ்சிய ஒரு துண்டு மழைக்காடு இருந்தது. மற்ற காடெல்லாம் எங்கள் அப்பாக்களின் காலத்திலேயே தோட்டக் கம்பெனியின் செம்பனையாகிவிட்டது. அதுவும் தண்ணீர் விளிம்பு வரைக்கும்.

விளிம்பு வரைக்கும் கன்று நடக்கூடாது என்று சட்டம் இருந்தது. ஆற்றின் இரண்டு கரையிலும் ஐம்பது மீட்டர் ஆற்றுக்குச் சொந்தம், அங்கே மரம் வெட்டக்கூடாது, பயிர் வைக்கக்கூடாது, வீடு கட்டக்கூடாது என்று தகரப் பலகையில் எழுதி நட்டிருந்தார்கள். பலகையைச் சுற்றியும் செம்பனை நட்டோம். நடச் சொன்னார்கள், நட்டோம். அந்தப் பலகையின் காலடியில் முளைத்த களைக்குப் பாக்கியவதி எத்தனையோ வருடம் மருந்தடித்தாள். அந்த மருந்தில் அவள் விரல் நகங்கள் கறுத்து, ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. முதுகில் சுமந்த பீப்பாயிலிருந்து ஒழுகியது போக மிச்சம் ஆற்றுக்குப் போனது.

யானைக்காதுக்குள் இருந்த காட்டை மட்டும் கம்பெனியால் தொட முடியவில்லை. மூன்று பக்கமும் ஆறு. எந்தப் பக்கம் அளந்தாலும் ஏதோ ஒரு கரையின் ஐம்பது மீட்டர் குறுக்கே வந்து நின்றது. கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு மூளை அதற்கு வழி கண்டுபிடித்தது. காது தலையோடு ஒட்டுகிற இடத்தில் ஆறு போவதற்கும் வருவதற்கும் நடுவே ஒரு குறுகலான மண்கழுத்துதான் இருந்தது. அந்தக் கழுத்தை வெட்டினால் ஆறு நேராகப் போய்விடும். ஆறு போகாத இடத்தில் ஆற்றங்கரை ஏது? ஆற்றங்கரை இல்லையென்றால் சட்டம் ஏது? வெள்ளத் தடுப்பு வேலை என்று அதற்குப் பெயர் வைத்து அனுமதியும் வாங்கினார்கள். வெள்ளத்தைத் தடுத்துக்கொண்டிருந்ததே அந்த வளைவுதான்.

வெட்டியவன் மருதவீரன், பாக்கியவதியின் புருஷன். மண்வாரி மிசினின் வாளியால் ஒரு முட்டையை உடையாமல் எடுத்து இன்னொரு இடத்தில் வைக்கத் தெரிந்தவன். அதற்காகவே தீபாவளிக் கலைநிகழ்ச்சியில் எங்களிடம் கைதட்டு வாங்கியவன். கழுத்து முறிந்ததும் ஆறு அந்த வாய்க்காலில் பாய்ந்தது. யானைக்காதில் தண்ணீர் அசையாமல் நின்றது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. காட்டு மரங்களில் கம்பெனி ஆட்கள் சிவப்புச் சாயத்தில் குறி போட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் வளைவு எழுந்து எங்களிடம் வந்தது.

ஏன் வந்தது என்று நாங்கள் அதிகம் கேட்டுக்கொள்ளவில்லை. வந்ததை எங்கே வைப்பது என்பதுதான் எங்கள் கவலையாக இருந்தது. லயத்து வாசல் கேட்டுக்கு இடப்பக்கம் தரையிலிருந்து தண்ணீர் சுரந்து புறப்பட்டு, லயத்தின் பின்னால் சுற்றி, மாரியம்மன் கோயில் பக்கமாக வந்து, கேட்டுக்கு வலப்பக்கம் தரைக்குள் இறங்கிக் காணாமல் போனது. எங்கிருந்து வருகிறது எங்கே போகிறது என்று தெரியாவிட்டாலும் ஓட்டம் மட்டும் நிற்கவில்லை. பெண்கள் இரண்டாம் நாளே துவைக்கும் கல்லைக் கரைக்கு நகர்த்திவிட்டார்கள். நீல இறால்கள் வாசல்படிக்கு வந்தன. நீர்நாய்கள் மாட்டுக்கொட்டகையின் கீழ் குட்டி போட்டன. இந்தத் தண்ணீரை அபிஷேகத்துக்கு எடுக்கலாமா என்று பூசாரி செல்லக்கண்ணு ஒரு வாரம் யோசித்தார். ஊற்றும் முகத்துவாரமும் இல்லாததை ஆறு என்று சொல்லலாமா என்பது அவருடைய சந்தேகம். அதற்குள் ஒரு வீட்டில் சாவு விழுந்தது. கருமாதிக்குப் பிண்டம் கரைக்க இறங்க வசதியான ஆற்றுத்துறையைத் தேடி வேனில் போகிற வழக்கமான அலைச்சல் இல்லாமல் கொல்லைப்புறத்திலேயே கரைத்தார்கள். காகமும் வந்து எடுத்தது. பூசாரி சந்தேகத்தை விட்டுவிட்டார்.

காட்டு யானைகள் தங்கள் தண்ணீரைத் தேடிக்கொண்டு சாயங்காலங்களில் வந்தன. கொடிக்கயிறுகளுக்குக் கீழே குனிந்து, ஒரு சட்டையைக்கூட இழுக்காமல், வரிசையாக நின்று குடித்துவிட்டுப் போயின. நாங்கள் துணிகளைச் சீக்கிரமே எடுத்துவைக்கப் பழகிக்கொண்டோம்.

மருதவீரன் மட்டும் கொல்லைப்புறக் கதவைத் திறக்கவில்லை. குழாய்த் தண்ணீரில் குளித்தான். வேலைக்குப் போகையில் கேட்டுப் பக்கம் பார்வையைத் திருப்பாமல் நடந்தான். நாங்கள் யாரும் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. பாக்கியவதிதான் சொன்னாள். மற்ற நேரத்தில் 'ஏங்க' என்று கூப்பிடுகிறவள், கோபம் வந்தால் 'நீ'க்கு இறங்கிவிடுவாள்.

"நீதானே வெட்டுன? ஒன்னைத் தேடித்தான் வந்திருக்கு. போய் அதோட மூஞ்சியப் பாரு."

"மிசினை எடுன்னாங்க, எடுத்தேன்" என்றான் மருதவீரன். "நான் எடுக்கலன்னா இன்னொருத்தன் எடுத்திருப்பான்."

"அப்ப அது இன்னொருத்தன் வீட்டுக்குப் போயிருக்கும்."

அவன் சாப்பாட்டுத் தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்துபோனான். அன்றிலிருந்து இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஒரே வீட்டில், ஒரே சட்டியில் சமைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு, நடுவில் ஓர் ஆறு ஓடுவதுபோல இருந்தார்கள்.

பிறகு அரசாங்க நில அதிகாரி வந்தார். முக்காலியில் நிற்கிற கருவியோடு நில அளவைக்காரர்களும் கூடவே வந்தார்கள். மேனேஜர் அவருக்குக் குடை பிடித்தார். யானைக்காதிலிருந்து தண்ணீர் போய்விட்டது என்று காட்டி மரம் வெட்டக் கம்பெனிக்காரர்கள் இறுதி அனுமதி கேட்டிருந்தார்கள். ஆறு எங்கே போனது என்று வரைபடத்தில் காட்ட வேண்டியிருந்ததால் இங்கேயும் வந்து அளந்தார்கள். அளந்தவர்கள் ஆச்சரியப்படவில்லை. ஆறு இருக்கிறது, அளவு எடுத்தாயிற்று, அவ்வளவுதான். புதிய வரைபடத்தில் சுங்கை பெலிட் யானைக்காதைத் தொடாமல் நேராகப் போனது. மூன்றாம் பிரிவு லயத்தைச் சுற்றி ஒரு நீல வளையம் இருந்தது.

வரைபடம் வந்த கையோடு கிராணி தனபாலன் லயத்து நடுவில் அதிகாரியின் பக்கத்தில் நின்று, எங்கள் முகங்களைப் பார்க்காமல் உத்தரவைப் படித்தார். மூன்றாம் பிரிவின் எல்லா வீடுகளும் ஆற்றின் ஐம்பது மீட்டருக்குள் இருக்கின்றன. ஆற்றங்கரையில் குடியிருப்பது சட்டவிரோதம். ஆற்றைப் பாதுகாப்பது எல்லாருடைய கடமை என்பதால் மாத முடிவுக்குள் காலி செய்ய வேண்டும்.

முதலில் நாங்கள் சிரித்தோம். வாழ்நாளெல்லாம் ஆற்றின் மடியில் கை வைத்துப் பிடுங்கியவர்கள் ஆற்றைப் பாதுகாக்கச் சொல்கிறார்களே என்றுதான் சிரித்தோம். தனபாலன் சிரிக்காததைப் பார்த்த பிறகு நிறுத்திக்கொண்டோம்.

பாக்கியவதி முன்னால் வந்தாள். நகமில்லாத விரல்களை விரித்து அதிகாரியின் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"இந்தா பாருங்க. ஒங்க பலகைக்கு அடியில மருந்தடிச்ச கை இது. அப்ப எங்க சார் போயிருந்துச்சு ஒங்க அம்பது மீட்டர்? கம்பெனி செம்பனை தண்ணிக்குள்ளயே கால நீட்டிக்கிட்டு நிக்குது, அதுக்கு இல்லாத சட்டம் எங்க வீட்டுக்கு மட்டும் எப்படி வந்துச்சு? நாங்களா ஆத்தங்கரைக்குப் போனோம்? ஆறுல்ல எங்ககிட்ட வந்துச்சு!"

அதிகாரி நல்ல மனிதர்தான். "உங்க கஷ்டம் புரியுதும்மா" என்று தெரிந்த தமிழில் சொன்னார். "ஆனா வரைபடத்துல ஆறு இங்க இருக்கு. நான் என்ன செய்ய?"

அந்த வாரமே யானைக்காதுக் காட்டில் சங்கிலி ரம்பங்கள் இறங்கின. லயத்திலிருந்து கேட்டது. ஒவ்வொரு மரம் விழும்போதும் எங்களைச் சுற்றிக் கிடந்த வளைவின் தண்ணீர் ஒருமுறை சுருங்கி விரிந்தது. மாட்டின் தோலில் ஈ உட்கார்ந்தால் அந்த இடம் மட்டும் துடிக்குமே, அதுபோல. காலையில் கூவுகிற கிப்பன் குரங்குகள் முதலில் நேரம் தப்பிக் கூவின, பிறகு நாள் முழுக்கக் கூவின, பிறகு நின்றுவிட்டன. பாக்கியவதி கரையில் நின்று வளைவைத் திட்டினாள். கோயிலில் மழை கேட்டுக் கிடைக்காதபோது மாரியம்மனைத் திட்டுவாளே, அதே குரலில், அதே உரிமையில் திட்டினாள்.

"ஒனக்கு வெக்கமா இல்ல? ஒம் புள்ளைகள வெட்டுறானுங்க, நீ இங்க வந்து எங்க கோழிக்கூண்டைச் சுத்திப் படுத்திருக்க! ஒளிஞ்சுக்க எங்க வீடுதான் கெடைச்சுதா? எந்திரி! போ!"

தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தது. எழவில்லை. போவதற்கு அதற்கு இடமில்லை என்று பூசாரி சொன்னார். அதன் வாசலை வெட்டிவிட்டார்கள், திறந்துகிடக்கிற கழுத்து வழியாக ஆறு ஓடிக்கொண்டிருக்கிறவரை அதன் பழைய படுக்கைக்குத் தண்ணீர் எட்டாது என்றார். பாக்கியவதி திரும்பித் தன் வீட்டுச் சன்னலைப் பார்த்தாள். மருதவீரன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். கேட்டான் என்பது அவன் நின்ற விதத்தில் தெரிந்தது.

மாத முடிவில் லயத்தை இடிக்கிற வேலையையும் அவனுக்கே கொடுத்தார்கள். அவன் தன் வீட்டிலிருந்து தொடங்கலாம், மற்றவர்களுக்கு அது ஒரு முன்மாதிரியாக இருக்கும் என்று மேனேஜர் சொல்லி அனுப்பினார். காலையில் சாமான்களை வெளியே தூக்கிப்போட்டுவிட்டு, அவை மேல் உட்கார்ந்து நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். கேட்டில் இரண்டு போலீஸ்காரர்கள் நின்றார்கள். மருதவீரன் மிசினில் ஏறினான், கிளப்பினான், வாளியை உயர்த்தினான். உயர்த்தியபடியே தன் வீட்டைத் தாண்டினான், கோயிலைத் தாண்டினான், கேட்டைத் தாண்டினான், செம்பனைக்குள் புகுந்து ஆற்றுப் பக்கம் போகிற மண்ரோட்டில் திரும்பினான். போலீஸ்காரர்கள் அவன் வேறு பக்கத்திலிருந்து இடிக்கப்போகிறான் என்று நினைத்துக் காத்திருந்தார்கள்.

பாக்கியவதிக்கு மட்டும் புரிந்தது. புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னால் ஓடினாள். நாங்களும் ஓடினோம்.

மண்கழுத்தை வெட்டியபோது அள்ளிப் போட்ட மண் இரண்டு பக்கமும் மேடாகக் கிடந்தது. மருதவீரன் அதை அள்ளி வாய்க்காலில் கொட்டினான். முதல் வாளியை ஆறு அடித்துக்கொண்டு போனது. பத்தாவதையும் கொண்டுபோனது. அவன் நிறுத்தவில்லை. ரம்பம் பிடித்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்த்தார்கள். வெட்டிப்போட்ட மரங்களிலிருந்து இரண்டை இழுத்து வாய்க்காலின் வாயில் குறுக்கே போட்டான், அதன் மேல் மண்ணைப் போட்டான், மிசினையே ஏற்றி மிதித்தான். மேனேஜர் ஜீப்பில் வந்து இறங்கிக் கத்தினார். மிசின் சத்தத்தில் அவர் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. மத்தியானம் தாண்டியபோது வாய்க்கால் அடைபட்டது. போக வழியில்லாமல் ஆறு பெருத்து, கரை விளிம்பில் ததும்பி நின்றது.

பாக்கியவதி லயத்துப் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் வாயில் குவித்துக் கூப்பிட்டாள்.

"வாசல் தெறந்தாச்சு! வா!"

வளைவு எழுந்தது. மாடு எழுவதுபோலப் பின்பக்கத்தை முதலில் தூக்கி, முன்பக்கத்தை இழுத்து, ஒருமுறை உதறிக்கொண்டு, மண்ரோட்டில் ஓர் ஆள் இடுப்பு உயரத்துக்கு நடந்து வந்தது. பூசாரி முன்னால் மணியடித்தபடி வந்தார். நீர்நாய்கள் குட்டிகளைக் கவ்விக்கொண்டு உள்ளே நீந்தி வந்தன. தண்ணீருக்குள் பாத்தின் மீன்கள் பக்கத்துக்கு இரண்டாக, ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள்போல எங்களைப் பார்த்துக்கொண்டே போயின. வழியில் அது ஒரு சொட்டையும் சிந்தவில்லை. மருதவீரன் மிசினை நிறுத்தி இறங்கி, ஓரமாக நின்று, முதல்முறையாக அதன் முகத்தைப் பார்த்தான். அது அவனைக் கடக்கும்போது கொஞ்சம் விலகிக்கொண்டு போனது. அந்த விலகலை இன்றைக்கும் அவன் கையை அசைத்துக் காட்டித்தான் சொல்வான். பிறகு யானைக்காதின் காய்ந்த படுக்கையில் இறங்கி, ஒரு நுனியை மேலாற்றிலும் மறு நுனியைக் கீழாற்றிலும் பொருத்தியது. ததும்பி நின்ற ஆறு அதற்குள் இறங்கியது.

கதை இங்கே முடிந்திருந்தால் நாங்கள் சந்தோஷமாகவே சொல்லியிருப்போம்.

காட்டில் பாதி ஏற்கெனவே விழுந்திருந்தது. வளைவு திரும்பி வந்து படுத்தபோது ஒரு பக்கம் மரங்களும் ஒரு பக்கம் வெட்டுப்பட்ட அடிக்கட்டைகளுமாக இருந்தன. கிப்பன்கள் மிஞ்சிய பக்கத்திலிருந்து மட்டும் கூவின. மருதவீரனைக் கம்பெனிச் சொத்தைச் சேதப்படுத்தியதாகச் சொல்லி விலங்கு போட்டுக் கொண்டுபோனார்கள். பாக்கியவதி போலீஸ் வண்டியின் கம்பிவழியாக, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். மாதக்கணக்கில் அவனிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது. லயத்தை வேறொரு மிசின் வந்து இடித்தது. ஆறு போய்விட்டதே, பிறகு எதற்கு இடிக்கிறீர்கள் என்று தனபாலனிடம் கேட்டோம். வரைபடத்தில் இருக்கிறது என்றார். கோயிலையும் இடித்தார்கள். எங்களை டவுனுக்கு வெளியே தண்ணீர் ஏறாத அடுக்குமாடிக்கு அனுப்பினார்கள். நாங்கள் போன கையோடு லயம் இருந்த இடத்தில் செம்பனைக் கன்றுகளை நட்டார்கள்.

கம்பெனி நீதிமன்றத்துக்கும் போனது. யானைக்காதில் ஆறு இல்லை, இதோ வரைபடம், எனவே மிச்சக் காட்டையும் வெட்டலாம் என்றது அதன் வக்கீல். அங்கே முழங்கால் நனைய நின்று பார்த்தவர்கள் நாங்கள் எத்தனையோ பேர் இருந்தோம். எங்களை யாரும் கேட்கவில்லை. வழக்கு இழுத்துக்கொண்டே போனது.

மருதவீரன் தண்டனை முடிந்து வந்த மறுவாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பாக்கியவதி அடுக்குமாடிப் பெண்களையெல்லாம் வேனில் ஏற்றினாள். அவனும் கேட்காமலேயே ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். லயம் இருந்த இடத்தில் இறங்கினோம். இடுப்பு உயரக் கன்றுகள் வரிசை வரிசையாக நின்றன. பாக்கியவதி தன் அடுப்பு இருந்த இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே நின்ற கன்றின் கழுத்தை நகமில்லாத இரண்டு கையாலும் பிடித்து, முள் குத்தக் குத்த ஆட்டி, வேரோடு பிடுங்கி எறிந்தாள். மருதவீரன் அடுத்ததைப் பிடுங்கினான். நாங்கள் எல்லோரும் பிடுங்கினோம்.

மேனேஜர் வரும்போது பாதி நிலம் வெறுமையாகியிருந்தது. கூடவே தனபாலனும் போலீஸ்காரர்களும் வந்தார்கள்.

"நிறுத்துங்க! இது கம்பெனிப் பயிர்!"

"ஆத்தங்கரையில பயிர் வைக்கக் கூடாது சார்" என்றாள் பாக்கியவதி, கையில் இருந்த கன்றைக் கீழே போடாமல். "அம்பது மீட்டரு. ஆத்தப் பாதுகாக்கிறது எல்லாரோட கடமை."

"எந்த ஆறு?" மேனேஜருக்குப் பொறுமை போய்விட்டது. சுற்றிலும் கையை வீசிக் காட்டினார். காய்ந்த மண், உடைந்த செங்கல், பிடுங்கிப்போட்ட கன்றுகள். "எங்க இருக்கு ஆறு? கண்ணு தெரியலையா? இங்க ஆறே இல்ல!"

அவர் சொன்னதைப் போலீஸ்காரர்களும் கேட்டார்கள், தனபாலனும் கேட்டார், நாங்கள் எல்லோரும் கேட்டோம். பாக்கியவதி கன்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவர் முகத்துக்கு நேராகப் போய் நின்றாள்.

"அப்ப எங்க வீட்ட எதுக்குடா இடிச்ச?"

மேனேஜர் போலீஸ்காரர்களைத் திரும்பிப் பார்த்தார். அவள் திரும்பி நடந்து, அடுத்த கன்றைப் பிடித்தாள்.